லைற் எரிந்தது என்றேன்

போன மாதம் நம்மோடு படித்த ஒருத்தியின் பேத்திக்குக் கலியாணம். நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். முழங்கால் நோவுக்காரருக்கென்று ஒதுக்குப்புறமாகப் போட்டிருந்த கதிரைகளில் நாம் கூடியிருந்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு உங்களில் ஒருவர் எழுந்துநின்று, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "எங்க, மணிய அடி பாப்பம்" என்று என் அப்பாவைப்போலவே சொல்லிக் காட்டினீர்கள். எல்லாரும் சிரித்தோம். "கிளாக்கர் ஐயா மாதிரி ரெண்டு பேர் இப்ப இருந்தா ரோட்டில இவ்வளவு சாவு விழாது" என்று இன்னொருவர் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் தலையாட்டல் என்னை விடவில்லை. இத்தனை வருடமாக நான் தலையாட்டிக்கொண்டே இருக்கிறேன். அப்பாவின் செத்தவீட்டிலும் ஆட்டினேன். இனி எனக்கும் உங்களுக்கும் அதிக காலம் இல்லை. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு என்மேல் கோபப்படுங்கள், பரவாயில்லை.

சைக்கிளுக்கும் லைசன்ஸ் இருந்தது என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நமக்குத் தெரியும். தை பிறந்ததும் ஊரில் உள்ள அத்தனை சைக்கிளும் கிராமசபைக் கந்தோருக்கு வந்தாகவேண்டும். பதிந்து, பற்றுச்சீட்டு எழுதி, ஒரு விரல் நீளத் தகரத் தகடு கொடுப்பார்கள். அதை ஹாண்டிலுக்குக் கீழே கட்டுக்கம்பியால் முறுக்கிக்கொள்ள வேண்டும். வருடத்துக்கு ஒரு நிறம். நான் சொல்லப்போகும் வருடம் பச்சை. புதுத் தகடுகள் பெட்டியில் வந்து இறங்கும்போது அடிக்கும் பெயின்ற் மணம் எனக்கு அப்போது அவ்வளவு பிடிக்கும். பெட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்துகொண்டிருப்பேன்.

அந்தக் கந்தோரின் லிகிதர் என் அப்பா. ஊருக்குக் கிளாக்கர் ஐயா. பதிவதும் தகடு கொடுப்பதும் மட்டும்தான் அவருடைய வேலை என்பதை நான் வளர்ந்து, நானும் ஒரு கந்தோரில் வேலைக்குப் போன பிறகுதான் அறிந்தேன். சைக்கிளைப் பரிசோதிப்பது அவர் தானாகச் சேர்த்துக்கொண்டது. முற்றத்து வாகை மரத்தின் கீழே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருப்பார். சைக்கிள்காரர் ஓடி வந்து, கையைக் காட்டியதும் பிறேக் பிடிக்க வேண்டும். முன்சில்லு கோட்டைத் தாண்டினால் தகடு இல்லை. மணி அடிக்கவேண்டும். டைனமோவைச் சில்லில் சாய்த்து, பின்பக்கத்தைத் தூக்கிச் சுற்றி, லைற் எரிகிறதா என்று உள்ளங்கையால் பொத்திப் பார்ப்பார். பின்னால் சிவப்புக் கண்ணாடி இருக்கவேண்டும்.

கந்தோர்ச் சுவரில் அவர் தன் கையாலேயே எழுதித் தொங்கவிட்ட பலகை உங்களுக்கு நினைவிருக்கும். இடப்பக்கமாகச் செல்க. இருவர் அருகருகே செல்லற்க. இன்னொருவரை ஏற்றற்க. இருள் விழுந்தபின் விளக்கின்றிச் செல்லற்க. நடந்து செல்வோர் எதிரே வாகனம் தெரியும்படி வலப்பக்கமாக நடக்க. பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தானே. நாம் அதை வாய்ப்பாடுபோலக் கத்திக்கொண்டு திரிந்தோம். எழுத்து அத்தனை அழகு. அந்த எழுத்தைப் பார்த்துத்தான் நான் எழுதப் பழகினேன். இந்தக் கடிதத்தில் உள்ள 'ழ'கூட அவருடைய 'ழ'தான்.

அந்த வருடம் எனக்குப் பத்து வயது. எங்கள் வீடு கந்தோரிலிருந்து இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல் தூரம், ஆற்றோரம். பள்ளிப் புத்தகம் அதை வாவி என்றது. நமக்கு அது எப்போதும் ஆறுதான். பள்ளி விட்டதும் நான் கந்தோருக்குப் போய், அப்பா வேலை முடித்து வரும்வரை காத்திருந்து, அவரோடு சைக்கிளில் வீட்டுக்குப் போவேன். முன்பாரில் மடித்த துவாயைப் போட்டு அதில் என்னை இருத்துவார். பலகையைப் படித்த நான் ஒருநாள் கேட்டேன்.

"அப்பா, இது டபிள் இல்லையா?"

"சின்னப் புள்ளய வைக்கிறது டபிள் இல்ல. பெரிய ஆக்கள ஏத்தினாத்தான் டபிள்" என்றார்.

பாலத்தடியில் நின்ற பொலிஸ் சார்ஜன் எங்களைக் கண்டதும் கையை உயர்த்திச் சிரிப்பார். அதே சார்ஜன், புருசனும் பெண்சாதியுமாக ஒரு சைக்கிளில் வருகிறவர்களை இறக்கி நடக்கவிடுவார். அப்படி நிற்கும்படி அவரிடம் கேட்டுக்கொண்டதே அப்பாதான். பெருமையாகத்தான் இருந்தது எனக்கு. பாரில் இருந்தபடி, இறங்கி நடக்கிறவர்களைத் திரும்பிப் பார்ப்பேன்.

தகடு கொடுக்கும் அந்த இரண்டு மாதத்தில் ஒருநாள், ஆற்றில் மீன்பிடிக்கிற ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுக்கு நாலைந்து வளவு தள்ளி இருந்தவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். அவருடைய மனைவியை இறால் மாமி என்போம். பின்னேரங்களில் ஆழம் குறைந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் அத்தாங்கு தள்ளி இறால் பிடிப்பார் மாமி. அத்தாங்கு என்றால் கம்புகளில் கட்டிய முக்கோண வலை. பிடித்ததை இடுப்பில் கட்டிய பறிக்கூடைக்குள் போட்டுக்கொள்வார். பொழுது சாயும்போது மாமா சைக்கிளில் போய் அவரைக் கரியரில் ஏற்றி வருவார். ஈரச் சீலையோடு, மடியில் பறியை அணைத்துக்கொண்டு, கால்களை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டு மாமி வருவதை எங்கள் வாசலில் இருந்து நாள்தோறும் பார்ப்பேன்.

மாமாவின் சைக்கிளில் பிறேக் பிடித்தது. மணி அடித்தது. லைற் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

"லைற் எங்க?" என்றார் அப்பா.

"உப்புக் காத்தில இத்து விழுந்திட்டு ஐயா. டவுணில கேட்டன். இப்ப சாமான் வாறல்லயாம்."

"சாமான் வந்த பிறகு வாங்க."

"ஐயா, தகடு இல்லாட்டி சார்ஜன் புடிக்கிறார். காலயில இறால் கொண்டுபோகணும். இருட்டுக்கு முதல் வந்திருவன். வயித்துப்பாடு ஐயா."

"இருட்டுப்பட்டுப் போனா? ஒரு ஆளில கொண்டுபோய் மோதினா? அந்தப் பழிய நான் ஏற்கிறதா?" அப்பா அடுத்த சைக்கிளைக் கையால் கூப்பிட்டுவிட்டார். "எனக்கு வேண்டினவன் வேண்டாதவன் எண்டு ஒருத்தரும் இல்ல. லைற் இல்லாட்டித் தள்ளிக்கொண்டு போங்க. தள்ளிக்கொண்டு போறதுக்குச் சட்டம் இல்ல."

நின்றவர்கள் சிரித்தார்கள். மாமாவும் கொஞ்சம் சிரித்தார். பிறகு தள்ளிக்கொண்டு போனார்.

அதன் பிறகு அவர் சைக்கிளை எடுக்கவில்லை. காலையில் இறாலைத் தோளில் சுமந்து சந்தைக்கு நடந்தார். பின்னேரங்களில் மாமி தனியே நடந்து வந்தார். இறால் பிடிக்கும் அந்த இடத்திலிருந்து அவருடைய வீட்டுக்கு ஒரு கட்டைக்கு மேல் இருக்கும். நடந்து வருவதால் இருட்டிப் போகும். அம்மா ஒருநாள் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னா: "அந்த மனிசனுக்குத் தகட்டக் குடுத்தா என்ன? பாவம், இவ ஈரத்தோட நடந்து வாறா."

"நீ சட்டம் படிச்சனியா?" என்றார் அப்பா. அம்மா உள்ளே போய்விட்டா.

அடுத்த வாரமோ அதற்கு அடுத்ததோ, எங்கள் சைக்கிளின் பல்பு எரிந்து போனது. மாமா சொன்னது உண்மைதான். டவுணில் பல்பு இல்லை. காத்தான்குடிக் கடைகளிலும் அப்பா கேட்டுப் பார்த்தார், வரவேண்டும் என்றார்கள். அதனால் வீட்டில் இருந்த டோர்ச்சை என் கையில் தந்தார். பாரில் இருந்து நான் அதை முன்னால் அடித்துக்கொண்டு வரவேண்டும். அது எனக்குப் பெரிய சந்தோசம். ரோட்டில் குறுக்கே பாயும் தவளைகள், ஆற்றுச் சேற்றில் நிற்கும் கண்ணா மரங்களின் வேர்கள், மதகுக் கட்டில் இருக்கும் நாயின் கண்கள் எல்லாம் என் கையசைவில் தெரிந்து மறைந்தன. வீட்டிலும் அதை விடவில்லை. பாய்க்குள் ஒளித்துவைத்து, போர்வைக்குள் கைவிரல்களின் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படியே பற்றரி தீர்ந்தது.

அந்த நாள் தகடு வாங்க வந்த கூட்டம் அதிகம். வெல்லாவெளிப் பக்கம் நெல் வெட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒரேயடியாக வந்திருந்தார்கள். அப்பா கந்தோரைப் பூட்டும்போது மைமல் இருட்டாகிவிட்டது. ரோட்டுக்கு ஏறியதும் "டோர்ச்ச அடி" என்றார். நான் சுவிச்சை அமத்தினேன். மஞ்சளாக ஒரு பொட்டு வந்து, அதுவும் போய்விட்டது.

"என்ன செஞ்ச?"

நான் டோர்ச்சை உள்ளங்கையில் தட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது. என் காதைப் பிடித்துத் திருகினார். அதிகம் நோகவில்லை. எனக்கு அழுகை வந்தது.

"இறங்கி நடப்பமா அப்பா?" என்று கேட்டேன்.

இதை நான் கேட்டேன். இத்தனை வருடத்தில் பல விசயங்கள் கலங்கிவிட்டன. அன்று நான் போட்டிருந்த சட்டை என்ன நிறம் என்று தெரியாது. ஆனால் இதைக் கேட்டது நிச்சயம்.

"இந்தா கிடக்கிற வீடு. இதுக்குப் போய் நடக்கிறதா" என்றார் அப்பா.

மதகுக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டு சரியும். அந்த இடத்தில் இரு பக்கமும் கண்ணா மரங்கள் கவிந்து நிற்கும்; வானத்தில் மிச்சமிருந்த வெளிச்சமும் கீழே இறங்காது. அப்பா மிதிக்கவில்லை. சைக்கிள் தானாக ஓடியது. காற்று முகத்தில் அடித்தது, சேற்று மணம் வந்தது. எனக்கு முன்னால் ஏதோ கறுப்பாக அசைந்ததைப் பார்த்தேன். "அப்பா" என்று சொன்னேனா, நினைத்தேனா தெரியாது.

விழுந்தபோது வாய்க்குக் கீழே என் நாடி ஹாண்டிலில் அடித்துப் பிளந்தது. வாய்க்குள் இரத்தம். கிடந்த இடத்தில் என் கைகளின் கீழே எதுவோ துடித்தது. பிறகு முழங்காலடியிலும் துடித்தது. ரோட்டெல்லாம் இறால். இருட்டுக்குள் டப் டப்பென்று தெறித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவில் மதகுக் கட்டடியில் இருந்து ஒரு பெண் முனகும் சத்தம் கேட்டது. "ஆரது... ஆரது..." என்றது. இறால் மாமியின் குரல்.

அப்பா எழும்பினார். வேட்டியில் மண்ணைத் தட்டினார். தட்டிக்கொண்டே அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"என்னத்துக்கு இடப்பக்கத்தால வந்தீங்க? நடக்கிற ஆள் வலப்பக்கத்தால எல்லோ வரணும்?"

"ஐயா, காலத் தூக்க ஏலா" என்றார் மாமி.

யாரோ அரிக்கன் லாம்பு கொண்டு ஓடிவந்தார்கள். நெல் சூடடிக்கப் போய்வந்த ஒரு உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி மாமியை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாமா பெட்டிக்குள் ஏறி அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டார். அப்பா ஓரமாக நின்று, சைக்கிளின் முன்சில்லு கோணியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. இப்போது, வேறு எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அவர் பக்கமாக நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

மறுநாள் காலை நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். நாடியில் மருந்துத் துணி. அம்மாவின் தம்பி, என் மாமன், விடிந்ததும் விடியாததுமாக வந்திருந்தார். அவருடைய சைக்கிளின் பல்பைக் கழற்றி எங்கள் சைக்கிளில் பூட்டினார்கள். பின்சில்லைத் தூக்கிச் சுற்றினார்கள். பகல் வெளிச்சத்தில் அது மங்கலாக எரிந்தது. மாமன் பல்பில்லாத தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா என்னிடம் வந்து குந்தினார். அவர் எனக்கு முன்னால் குந்தி நான் பார்த்ததே இல்லை.

"சார்ஜன் வருவார் புள்ள. லைற் எரிஞ்சதா எண்டு கேப்பார். ஓம் எண்டு சொல்லு."

நான் அவரைப் பார்த்தேன்.

"இல்லாட்டி அப்பாக்கு வேல போயிரும். ஊர் சிரிக்கும்." பிறகு மெதுவாக, "டோர்ச்சக் கெடுத்தது ஆரு?" என்று கேட்டார்.

அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பொய் சொல்லச் சொன்னதையும் மன்னித்துவிடலாம், பயத்தில் மனிசர் என்னவும் செய்வார்கள். ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் அந்தப் பழியை வைத்துவிட்டு அவர் எழும்பிப் போனார். நான் பல வருடம் அதை நம்பினேன். பற்றரியை நான்தான் தீர்த்தேன், அதனால்தான் மாமியின் இடுப்பு முறிந்தது என்று நம்பினேன். இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்திருக்கலாம், அதற்குச் சட்டம் தடையில்லை என்பதை அவரே ஊருக்கெல்லாம் சொன்னவர் என்பது எனக்கு உறைக்க முப்பது வயது தாண்டியது.

அம்மா எனக்குத் தலை வாரினா. சீப்பு சிக்கில் மாட்டி இழுபட்டபோது நான் "ஆ" என்றேன். அம்மா "இரு" என்று மட்டும் சொன்னா.

சார்ஜன் பத்து மணிபோல வந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தா. அவர் சைக்கிளைத் தூக்கிச் சில்லைச் சுற்றினார், லைற்றை உள்ளங்கையால் பொத்திப் பார்த்தார், அப்பா கந்தோரில் பார்ப்பதுபோலவே. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நாடி நோகுதா?"

"கொஞ்சம்."

"ராத்திரி வரக்குள்ள லைற் எரிஞ்சதா புள்ள?"

"ஓம்."

"வடிவா எரிஞ்சதா?"

"ஓம், எரிஞ்சது."

அவ்வளவுதான். இரண்டு ஓம். கொப்பியில் எழுதிக்கொண்டார். என்னைப் பாரில் இருத்தி வந்ததைப் பற்றி அவர் கேட்கவில்லை. மிச்சத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அப்பாவிடம், "அப்ப பிழை அந்தப் பொம்புளட பக்கம். வலப்பக்கம் வந்திருந்தா அடிபட்டிருக்கமாட்டா" என்றார். அப்பா "அதத்தான் நானும் சொல்லுறன்" என்றார்.

நடக்கிறவர்கள் வலப்பக்கம் போகவேண்டும் என்பது அந்தப் பலகையைத் தவிர ஊரில் எங்கும் இருந்ததில்லை. இறால் மாமிக்கு எழுத வாசிக்கத் தெரியாது.

வழக்கு என்று ஒன்றும் வரவில்லை. மாமி இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இடுப்பெலும்பு கோணலாகப் பொருந்தியது. பிறகும் அவர் நடந்தார், கோலூன்றி, ஒரு பக்கம் சரிந்து. ஆனால் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை தள்ள அவரால் முடியவில்லை. ஆற்றில் இறங்காத இறால் மாமியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மாசி முடியும் நாளில், தகடு கொடுக்கும் கடைசி நாளில், மாமா சைக்கிளோடு கந்தோருக்கு வந்தார். எங்கிருந்தோ ஒரு பழைய லைற் எடுத்துப் பூட்டியிருந்தார். முற்றத்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் படியில் இருந்தேன். எல்லாரும் வழிவிட்டார்கள். அப்பா பேனையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

மாமா பிறேக் பிடித்துக் காட்டவில்லை. மணி அடிக்கவில்லை. சைக்கிளை அப்பாவுக்கு நேரே நிறுத்தி, பின்பக்கத்தைத் தூக்கி, பெடலை ஓங்கிச் சுற்றினார். லைற் அப்பாவின் நெஞ்சில் எரிந்தது.

"எரியுதா ஐயா?"

"எரியுது, எரியுது. காணும்."

மாமா நிறுத்தவில்லை. மறுபடியும் சுற்றினார். "வடிவாப் பாருங்க ஐயா. மறுகா எரியல்ல எண்டு சொல்லிராதீங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா உள்ளே போய்ப் பச்சைத் தகடு ஒன்றை எடுத்து வந்து, தானே குந்தி, தன் கையாலேயே கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டினார். கம்பி விரலில் குத்தியதைப் பார்த்தேன். மாமா நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டி முடிந்ததும் சைக்கிளில் ஏறாமல், தள்ளிக்கொண்டே போனார்.

உங்களில் யாராவது அன்று அந்த முற்றத்தில் நின்றீர்களா? நின்றிருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று நினைத்தீர்கள்? எனக்கு அதைக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. ஊருக்கு உண்மை தெரிந்திருந்ததா, தெரிந்தும் கிளாக்கர் ஐயா என்றீர்களா, அல்லது நான் சொன்ன அந்த இரண்டு ஓமை நம்பினீர்களா?

அப்பா பென்சன் எடுக்கும்வரை அந்தக் கந்தோரிலேயே இருந்தார். பரிசோதனையையும் விடவில்லை. ஒருமுறை, எனக்குப் பிள்ளை பிறந்து நான் வீட்டில் இருந்த நாட்களில், மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன்: "அப்பா, இறால் மாமிட விசயம் நினைவிருக்கா?"

அவர் பேப்பரை மடித்தார். "எந்த விசயம்? ஆ, அவ பிழைப் பக்கத்தால வந்து அடிபட்டது. லைற்றக் கண்டும் ஒதுங்காம நிண்டவ" என்றார்.

அவர் நடிக்கவில்லை. முகத்தை நான் உற்றுப் பார்த்தேன். அவருக்கு லைற் எரிந்தே இருந்தது. நான் சொன்னதை நானே நம்பாமல் இருந்தேன்; அவர் நம்பிவிட்டார். அதற்குப் பிறகு அவரிடம் கேட்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. அவர் சாகும்வரை நான் பார்த்தேன், குளிக்கவார்த்தேன், சோறு ஊட்டினேன். அன்பில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்களைப்போல அவரை நினைத்துச் சிரிக்க என்னால் முடிவதில்லை.

பிறகு வந்த சண்டைக் காலத்தில் அந்த ஆற்றோரத்துச் சனம் எல்லாம் சிதறிப்போனது. மாமியும் மாமாவும் பெரியகல்லாற்றுப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். நான் தேடிப் போகவில்லை. போயிருக்கலாம். பஸ்ஸில் அரைமணி நேரம்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மாமி ஆஸ்பத்திரியால் வந்த பிறகு, சித்திரை வருடப்பிறப்பு அன்று, அம்மா ஒரு சட்டியில் பொங்கல் புக்கை போட்டு வாழையிலையால் மூடி என்னிடம் தந்தா. "இறால் மாமிக்குக் குடுத்திட்டு வா. அப்பாக்குச் சொல்லாத" என்றா. அம்மா செய்தது அவ்வளவுதான். அதற்கு மேல் செய்ய அவவுக்கு வழியிருந்ததா என்று எனக்குத் தெரியாது.

மாமி குடிசை வாசலில், நீட்டிய காலோடு இருந்து, வேறு யாரோ பிடித்த இறாலுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைக் கழுவிவிட்டு, "இஞ்ச வா மனே" என்றார். என் நாடியைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். "நல்லா ஆறிட்டுகா. தழும்பு நிண்டாலும் ஆருக்கும் விளங்காது" என்றார்.

அவருடைய விரல்களில் இறால் மணம். எனக்கு அழுகை பொங்கி வந்தது.

"மாமி, லைற் எரியல்ல" என்றேன். "சார்ஜன்கிட்ட எரிஞ்சது எண்டு சொன்னன். எரியல்ல மாமி."

அவர் திடுக்கிடவில்லை.

"எனக்குத் தெரியும்தானே மனே. பின்னால லைற் வந்தா நம்மட நிழல் முன்னால நீட்டா விழும். அண்டைக்கு என்ட நிழல் விழல்ல. விழுந்தா ஒதுங்கியிருப்பன்."

"அதச் சார்ஜன்கிட்டச் சொல்லலயா?"

"சொன்னன். ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டார், சொன்னன்தான்." மாமி என் கையிலிருந்து சட்டியை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். "'கிளாக்கர்ட புள்ள எரிஞ்சது எண்டு சொல்லுது. பத்து வயசுப் புள்ள பொய் சொல்லுமாகா?' எண்டு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? சின்னப் புள்ள பொய் சொல்லாது எண்டுதான் நானும் சொன்னன்."

புக்கையை வேறு சட்டிக்கு மாற்றி, எங்கள் சட்டியைக் கழுவித் துடைத்து என்னிடம் தந்தார்.